பட்டறைப் பக்கம்: பூட்டிய பீரோ, மூடிய மெஷின், நடுங்கும் கை

போன இதழில் ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதற்கு மாணவர்கள் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தால், வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆசிரியர்களுடையது! பெயர் போடாதீர்கள் என்று பாதிப் பேர் கேட்டிருந்தார்கள், மீதிப் பேர் பெயரையும் நானே எடுத்துவிட்டேன், நாளைக்கு அவர்கள் அதே இடத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமே. இந்தப் பக்கத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வரி: நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது கடைசல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் எந்தக் கேள்விக்கும் என் பதில் கடைசியில் லேத் என்கிற கடைசல் மெஷினில்தான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.இ. மெக்கானிக்கல் முடித்து, தனியார் ஐ.டி.ஐ.யில் டர்னர் ஆசிரியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. தியரி வகுப்பு நன்றாகவே போகிறது. லேத் முன்னால் நின்றால்தான் கை நடுங்குகிறது. மாணவர்களில் இரண்டு பேர் லேத் பட்டறை வீட்டுப் பிள்ளைகள், அவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று டெமோவை வீடியோவில் காட்டி ஒப்பேற்றுகிறேன். இது சரியாகுமா சார்?
– திண்டுக்கல்

சரியாகும் தம்பி, ஆனால் வீடியோவால் ஆகாது. முதலில் ஒன்று, இது உங்கள் தப்பு இல்லை. நான்கு வருஷப் படிப்பில் லேத்தில் எத்தனை மணி நேரம் கை வைத்திருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஏதோ ஒரு செமஸ்டர், வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதிலும் ஒரு மெஷினைச் சுற்றி ஐந்து பேர், ஒருவன் ஓட்ட நான்கு பேர் ரெக்கார்டு நோட்டு எழுதியிருப்பீர்கள். உங்கள் மாணவனோ இரண்டு வருஷம் அதன் முன்னாலேயே நிற்கப் போகிறவன். கை நடுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், பார்ட்டிங் டெமோ, அதாவது சுற்றும் கம்பியை லேத்திலேயே துண்டாக அறுத்துக் காட்டுவது, சுற்றிலும் முழு பேட்ச். டூலை வெளியே ரொம்ப நீட்டி வைத்திருந்தேன், செண்டர் உயரமும் சரியில்லை, கம்பி பாதி அறுபடும் முன்னே 'டப்' என்று டூல் உடைந்து, கம்பியைப் பிடித்துச் சுற்றும் சக்குக்கு அடியில் விழுந்தது. பையன்கள் சிரிக்கக்கூட இல்லை, அது இன்னும் மோசம். பக்கத்து மெஷினில் இருந்த சீனியர் வந்து மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "இது ஏன் உடைஞ்சுதுன்னு இவங்களுக்குச் சொல்லு" என்றார், போய்விட்டார். அன்றைக்கு ஒரு மணி நேரம் உடைந்த டூலை வைத்தே வகுப்பு ஓடியது. எவ்வளவு நீட்டணும், செண்டர் உயரத்தை டெயில் ஸ்டாக் முனையோடு எப்படி ஒத்துப் பார்க்கணும், ஸ்பீடு ஏன் குறைக்கணும், எல்லாம் வந்துவிட்டது. அந்தத் துண்டை ஓய்வு பெறும் வரை டிராயரில் வைத்திருந்தேன், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் காட்டுவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, மறுநாள் மாணவனுக்குக் கொடுக்கப் போகிற ஜாபை முதல் நாள் மாலை, யாரும் இல்லாதபோது, நீங்களே முழுசாகச் செய்து முடிப்பது. அதே கம்பி, அதே மெஷின், அதே மழுங்கின டூல். வேறு நல்ல மெஷினில் செய்து பார்த்துவிட்டு வந்தால் காலையில் மாட்டிக்கொள்வீர்கள், ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு கோணல் புத்தி உண்டு, டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் எத்தனை லூஸ் என்பது அந்த மெஷினைத் தொட்டவனுக்குத்தான் தெரியும். சென்னை கிண்டியில் இருக்கும் நிமி, ஐ.டி.ஐ.க்களுக்குப் பாடப் புத்தகம் போடும் மத்திய அரசு நிறுவனம், 1986ல் ஜெர்மனி உதவியோடு தொடங்கியது, அவர்கள் போடும் செயல்முறைப் புத்தகம் தமிழிலும் வருகிறது, அதில் ஒவ்வொரு ஜாபுக்கும் படமும் வேலை வரிசையும் இருக்கும், அதைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். மாணவன் எங்கே தப்பு விடுவான் என்பதை நீங்கள் முதல் நாளே விட்டுப் பார்த்திருப்பீர்கள், அதுதான் விஷயம்.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977லேயே இதை எழுதிவிட்டார். 'என்னால் முடியும்' என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தானே ஒரு தடவை செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் பலம் அதிகம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தபடி, பக்கத்தில் நிற்பவர் 'உன்னால் முடியும்பா' என்று தட்டிக்கொடுப்பது அவ்வளவு தூரம் வேலை செய்யாது. அதனால் நானும் உங்களைத் தட்டிக்கொடுக்கப் போவதில்லை, சாயங்காலம் மெஷினுக்குப் போங்கள்.

அந்த இரண்டு பட்டறைப் பையன்களைப் பற்றி: அவர்களை எதிரியாக நினைக்காதீர்கள், ஒருவனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லுங்கள். 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பிக்கு அவன் பழக்கத்தில் ஏதோ ஒரு ஸ்பீடு போடுவான். ஏன் அந்த ஸ்பீடு என்று கேளுங்கள், "அப்பா அப்படித்தான் வைப்பார்" என்பான். அப்போது போர்டில் போடுங்கள், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு வெட்டும் வேகம் நிமிஷத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால் நிமிஷத்துக்கு 380 சுற்று சொச்சம் வரும், மெஷினில் இருப்பதில் அதற்குக் கீழே உள்ள கியர். அவன் கையும் உங்கள் கணக்கும் சேர்ந்தால் வகுப்பு பிரமாதமாக இருக்கும். அப்புறம், வேலைக்கு நடுவே ஒரு வருஷம் கிடைக்குமானால் கிண்டியில் இருக்கும் தேசியத் திறன் பயிற்சி நிலையமான என்.எஸ்.டி.ஐ.யில், சி.ஐ.டி.எஸ். என்கிற ஐ.டி.ஐ. ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வாருங்கள். தொழிலோடு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் அங்கேதான் ஒழுங்காகக் கற்றுத் தருகிறார்கள்.

சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடும் பழக்கம் மட்டும் உங்களுக்கும் வேண்டாம், மாணவனுக்கும் வேண்டாம். கை சக்கை விட்டு வரும்போது கீயும் கையோடு வர வேண்டும்.

எங்கள் பிரிவில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்லிப் கேஜ் எல்லாம் பீரோவில் இருக்கின்றன, சாவி என்னிடம். மாணவர்களுக்குக் கொடுத்தால் உடைத்துவிடுகிறார்கள், உடைந்தால் என் சம்பளத்தில் பிடித்தம். ஸ்டீல் ரூலை வைத்தே ஓட்டுகிறேன். மனசு உறுத்துகிறது.
– விருதுநகர்

உறுத்தட்டும், நல்லதுதான். ஆனால் உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நானும் சில வருஷம் அந்தச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவன். இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? வெர்னியர் மாணவன் கையில் விழுந்து உடைந்தால் பிடித்தம். பீரோவுக்குள் ஐந்து வருஷம் கிடந்து துருப் பிடித்து அளக்கும் தாடையான ஜா ஒட்டிக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆடிட்காரர் வந்து எண்ணுவார், எண்ணிக்கை சரியாக இருக்கும், டிக் அடிப்பார். இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எந்த மனுஷனும் பூட்டித்தான் வைப்பான். 0.02 மி.மீ. வரை அளக்கிற கருவி இருக்கிற இடத்தில் பையன் அரை மில்லியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பான், அப்புறம் கம்பெனி இன்டர்வியூவில் வெர்னியரைத் தலைகீழாகப் பிடிப்பான்.

வெளியே வர வழி இருக்கிறது, கொஞ்சம் எழுத்து வேலை. முதலில் உடைபாட்டுக்கு என்று ஒரு நோட்டு. எது, எப்படி, எந்த ஜாபில் என்று அன்றைக்கே எழுதி அன்றைக்கே முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்து 'இது எப்போதோ உடைந்தது' என்று சொல்பவரிடம்தான் பிடித்தம் பிடிக்க முடியும், அன்றைய தேதியில் தாள் இருப்பவரிடம் அவ்வளவு சுலபமில்லை. அடுத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். இருப்பதில் பழைய நாலு வெர்னியரை மட்டும் 'பழகுவதற்கு' என்று பெயின்ட் அடித்து வெளியே விடுங்கள். அளவைச் சரிபார்க்கும் எஃகுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் உங்கள் கையிலேயே இருக்கட்டும், வெறும் கை வியர்வை பட்டாலே அது போய்விடும், துடைத்து வாசலின் தடவித்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும், அதை மாணவனே உங்கள் கண் முன்னால் செய்யட்டும்.

கொடுத்து வாங்க டோக்கன் வையுங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் எண் போட்ட பித்தளை வில்லை, கருவியை எடுத்தால் அந்த இடத்தில் வில்லை தொங்கும். பழைய கம்பெனி டூல் ரூம்களில் இருந்த முறைதான், நோட்டில் எழுதுவதைவிட வேகம். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டில் வரைந்து அதன் மேல் மாட்டினால் இன்னும் நல்லது, காலியாக இருக்கும் உருவம் தூரத்திலிருந்தே பல்லைக் காட்டும். ஜப்பான்காரர்களின் பட்டறை ஒழுங்கு முறையான 5எஸ் என்று சுவரில் ஐந்து ஜப்பானிய வார்த்தைகளை எழுதி வைத்துவிட்டு, அதன் கீழேயே அரத்தையும் மைக்ரோமீட்டரையும் ஒரே டிரேயில் கொட்டி வைத்திருக்கும் இடங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தப் போஸ்டருக்கு ஆன செலவில் ஒரு பிளைவுட் பலகை வாங்கியிருக்கலாம். மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வேலையை நிறுத்திப் பலகை நிரம்பிய பிறகுதான் யாரும் வெளியே போகலாம். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், மூணாவது வாரம் அவர்களே தேடுவார்கள்.

திரும்பி வாங்கும்போது வெர்னியர் ஜாவை மூடி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, பூஜ்யமும் பூஜ்யமும் ஒத்து நிற்க வேண்டும். மைக்ரோமீட்டரை இறுக்கி மூடி வைக்காதீர்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள். கடைசியாக ஒன்று, இது உங்களுக்கு லேட், புதிதாகச் சேருகிறவர்களுக்கு: சார்ஜ் எடுக்கும்போது ஒவ்வொரு சாமானையும் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம் சார், போடுங்க' என்று சொல்பவர் அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விடுவார்.

என் மகன் வெல்டர் படிக்கிறான், ஒரு வருஷப் படிப்பு, நாலு மாதம் ஓடிவிட்டது. 'இன்னைக்கு என்னப்பா செஞ்சே' என்றால் 'பார்த்தேன்' என்கிறான். என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்?
– பெரம்பலூர்

மகனிடமே கேளுங்கள், ஐயா: 'இந்த வாரம் எத்தனை ராடு எரித்தாய்?' ஒரு 3.15 மி.மீ. ராடு எரிந்து முடிய ஒன்றரை நிமிஷம் போதும். அவன் பத்து ராடு என்றால் வாரம் முழுக்க அவன் உண்மையாக வெல்டிங் செய்தது கால் மணி நேரம். இருபது பேருக்கு நாலு செட் இருந்து, ஒருவன் அடிக்க மற்றவர்கள் நிற்கிறார்கள் என்றால் கணக்கு அவ்வளவுதான் வரும்.

ராடு இல்லை, தகடு இல்லை என்று சொல்வார்கள், பல இடத்தில் அது நிஜமும்கூட. ஆனால் இருப்பதை நீட்டிக்க ஆசிரியருக்கு வழி தெரிந்திருக்கும். ஒரே தகட்டின் இரண்டு பக்கமும் ஓட்டலாம், ஒட்டினதை அறுத்துத் திரும்ப ஒட்டலாம், ஊரில் கிரில் பட்டறை வைத்திருப்பவரிடம் துண்டு ஃபிளாட் (இரும்புப் பட்டை) கேட்டால் எடைக்குப் போடும் விலையில் கொடுப்பார். மழைக்காலத்தில் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு ராடு ஈரம் இழுத்து வீணாவதுதான் பெரிய நஷ்டம், அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. நீங்கள் பெற்றோர் கூட்டத்தில் சண்டையாகக் கேட்காமல், 'நாங்கள் நாலு பேர் சேர்ந்து துண்டு இரும்பு கொண்டுவந்து தரலாமா' என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே உங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அவன் 'பார்த்தேன்' என்கிறானே, எப்படிப் பார்த்தான் என்பதையும் விசாரியுங்கள். கையில் கண்ணாடி இல்லாமல் சும்மா சுற்றி நின்று பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி இருக்கும், அதற்குத் தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று வீட்டு வைத்தியம் செய்யாமல் டாக்டரிடம் போங்கள்.

நன்கொடையாக ஒரு சி.என்.சி. லேத், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடுவது, வந்தது. இரண்டு வருஷமாகக் கவர் போட்டபடியே இருக்கிறது. எங்கள் ஆசிரியருக்கு ஐம்பத்து மூன்று வயது, கைவேலையில் கில்லாடி, ஆனால் இதன் பக்கமே வருவதில்லை. அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– ஒரு முதல்வர், ஓசூர்

அவரை விடுங்கள், முதலில் மெஷினைப் பாருங்கள். பல கன்ட்ரோலர்களில் பாராமீட்டர்களை, அதாவது மெஷினின் அமைப்பு எண்களைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி. வருஷக்கணக்கில் பவர் போடாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்து எல்லாம் அழிந்துபோகும், அப்புறம் சர்வீஸ்காரர் வந்து திரும்ப ஏற்ற வேண்டும், அதற்குப் பில் தனி. இன்றைக்கே சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு பாராமீட்டரை பேக்கப் எடுத்து, பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது ஆசிரியர். அவருக்கு மெஷின் பயம் கிடையாது. இவ்வளவு விலையுள்ள சாமானை முதல் நாளே சக்கில் இடித்துவிட்டு, இத்தனை வருஷம் சேர்த்த பெயரை மாணவர்கள் முன்னால் இழக்க வேண்டுமா என்ற பயம். மூன்று மாதம் 'இடித்தாலும் கேட்க மாட்டேன்' என்று வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். மாணவர்கள் இல்லாத நேரமாக வாரம் இரண்டு மாலை ஒதுக்குங்கள். ஜாப் மாட்டாமல் வெறுமனே ஓட்டட்டும், சிங்கிள் பிளாக்கில், ஃபீடைக் குறைத்து, ஒவ்வொரு வரியாக. அப்புறம் நைலான் கம்பி, அதற்குப் பிறகு அலுமினியம். பக்கத்தில் மெனு பழகின ஒரு இளம் ஆளை உட்கார வையுங்கள், உதவியாளர் என்ற பெயரில். அந்தப் பையனுக்கு எந்தப் பட்டன் எங்கே என்று தெரியும், ஆனால் சத்தத்தை வைத்து 'டூல் மழுங்கிடுச்சு, நிறுத்து' என்று சொல்ல இவருக்குத்தான் தெரியும். ஒரு மாதத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆகிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மாற்றினார்கள், ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் என்று உள்ளே போனால் கண் கூசுகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் எந்த மெஷினும் லாரியில் ஒரே நாளில் வந்து இறங்கிவிடுகிறது. அதை ஓட்டிக் காட்ட வேண்டியவரின் கைப்பழக்கம் வர ஆறு மாதமாவது ஆகும், அந்த ஆறு மாதத்துக்கு அவருக்கு வகுப்புச் சுமையைக் குறைப்பதுதான் முதல்வர் வேலை.

எலக்ட்ரீஷியன் பிரிவில் நான் ஒருத்திதான் பெண் ஆசிரியர். மாணவர்கள் சந்தேகம் என்றால் என்னைவிட ஜூனியரான சாரிடம்தான் போகிறார்கள். முதல்வரும் 'நீங்க ஏணியில ஏற வேண்டாம் மேடம், அவர் வரட்டும்' என்கிறார், அக்கறையாகத்தான்.
– சிவகங்கை

அந்த அக்கறைதான் பிரச்சினை, அம்மா. ஒரு தடவை ஏணியில் ஏற விடவில்லை என்றால் உங்களுக்கு அந்த வேலை தெரியாது என்று இருபது பேரும் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த தடவை அவர் சொல்லி முடிக்கும் முன்னே ஏறிவிடுங்கள். முதல்வரிடம் தனியாக ஒன்று கேளுங்கள், உங்கள் அளவுக்கு ஓவர்கோட்டும் ஷூவும். ஆண்கள் கோட்டை மடித்துப் போட்டுக்கொண்டு துப்பட்டா இழுபட வேலை செய்வது பார்க்கவும் நன்றாயில்லை, ஆபத்தும்கூட.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். ஒரு வயரிங் போர்டைக் கொடுத்து, நீங்கள் வெளியே நிற்கும்போது மாணவர்களே அதில் ஒரு ஃபால்ட் வைக்கட்டும், எங்கே வேண்டுமானாலும். உள்ளே வந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கி, ஏன் இந்த முனை, ஏன் அடுத்தது இது என்று. சில நாள் ரெண்டு நிமிஷத்தில் கிடைக்கும், சில நாள் இருபது நிமிஷம் ஆகும், அந்த இருபது நிமிஷ நாளில்தான் அவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள். மல்டிமீட்டரில் ஆம்பியர் பார்க்கும் துளையில் வயரைச் சொருகி அப்படியே 230 வோல்ட்டில் வைக்கும் வீரன் ஒருவன் எல்லா பேட்ச்சிலும் இருப்பான். ஃபியூஸ் போன மீட்டரை எறியாமல், ஏன் போனது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

நாளை மறுநாள் ஆய்வு. ஒரே நாளில் பட்டறையை ஒழுங்கு செய்ய முடியுமா?
– கரூர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எப்படிச் செய்வீர்களோ அப்படி. லேத்துக்குக் குங்குமம் மட்டும் பாக்கி. ஆனால் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னால் பெஞ்ச் கிரைண்டரில் டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கிறதா பாருங்கள், மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா பாருங்கள், ஆக்சிஜன் சிலிண்டர் வாயில் யாராவது எண்ணெயோ கிரீஸோ தடவியிருக்கிறார்களா என்று பாருங்கள். இதெல்லாம் அதிகாரி பார்க்க மாட்டார், நீங்கள் பாருங்கள்.

நான் ஃபிட்டர் மாணவன். டிரில் பிட் உடைந்தால் சார் அடிப்பார். அதனால் உடைந்த பிட்டை ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடுகிறோம். தப்பா சார்?
– ஊர் வேண்டாம்

தப்புதான், கூடவே அடிப்பதும் தப்பு, அதைச் செய்ய அவருக்கு உரிமையே இல்லை. உடைந்த பிட்டை அவர் பார்த்தால்தானே எப்படி உடைந்தது என்று சொல்ல முடியும். பெரும்பாலும் துளை மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்காமல் இருந்திருப்பீர்கள், இல்லை ஜாபை வைஸில் இறுக்காமல் கையில் பிடித்திருப்பீர்கள், அப்படியானால் பிட்டோடு போனதே என்று சந்தோஷப்படு. கொஞ்சம் பெரிய பிட் என்றால் மிச்சத்தைத் திரும்பச் சாணை பிடித்துப் பயன்படுத்தலாம், அதுவே ஒரு நல்ல பயிற்சி. உன் சாரிடம் இந்தப் பக்கத்தை மடித்து மேஜையில் வைத்துவிடு, யார் வைத்தது என்று தெரிய வேண்டாம்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தடவை கட்டடத்துக்குப் பின்னால் புதர் வெட்டினோம். ஜன்னலுக்கு நேர் கீழே மண்ணைக் கிளறினால் பிட்டு, ஹேக்ஸா பிளேடு, மரை போடும் டேப் என்று ஒரு சட்டி நிறைய வந்தது. பல வருஷத்து பேட்ச்சுகள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் அதில் பாதி இன்னும் 'இருப்பு' என்றே இருந்தது.